முழுசாக ஏறாத பேட்டரியும் மறுக்கப்பட்ட வாரண்டியும்

அனுப்புநர்: டிரெய்லர் வாங்கிய வாடிக்கையாளர், பீனிக்ஸ், அரிசோனா.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, டிரெய்லர் விற்பனை நிலையம்.
பொருள்: பேட்டரி வாரண்டியை மறுத்தது, டிரெய்லரில் உள்ள சார்ஜிங் ஏற்பாட்டின் குறை தொடர்பாக.

அன்புடையீர், வணக்கம்.

உங்களிடம் வாங்கிய, உள்ளே தங்கும் வசதியுள்ள டிரெய்லரின் இரண்டு பேட்டரிகளும் ஒரே சீசனில் படுத்துவிட்டன. வாரண்டி கேட்டதற்கு, "வாடிக்கையாளர் சார்ஜை 50 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டார், வாரண்டியில் வராது" என்று இரண்டு வரியில் பதில் போட்டிருக்கிறீர்கள். கீழே இறங்கியது உண்மைதான். ஏன் இறங்கியது என்று நீங்கள் பார்க்கவே இல்லை.

டிரெய்லர் பார்க்க வந்த அன்றே, குவார்ட்ஸ்சைட் பக்கம் பாலைவனத்தில் மின் இணைப்பே இல்லாமல் தங்கப் போகிறோம் என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தேன். அங்குள்ள லா போசா என்ற அரசு முகாம் நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு எடுத்து மாதக்கணக்கில் தங்கலாம், ஆனால் கரண்ட் கிடையாது என்பது அரிசோனாவில் டிரெய்லர் விற்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கென்றே 'ஆஃப்-கிரிட் பேக்கேஜ்' என்று தனியாகப் பணம் வாங்கினீர்கள். இரண்டு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள், கூரையில் 100 வாட் சோலார் தகடு, ஜெனரேட்டரிலிருந்து சார்ஜ் ஏற்ற 55 ஆம்பியர் கன்வெர்டர். "சோலார் பார்த்துக்கொள்ளும், மிஞ்சினால் ஜெனரேட்டரை ரெண்டு மணி நேரம் ஓட்டுங்கள், போதும்" என்றார் உங்கள் விற்பனையாளர்.

சரி, கணக்கைப் பார்ப்போம். விவரத்தாளின்படி பேட்டரி ஒன்று 85 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு), இரண்டும் சேர்ந்து 170. இந்த வகையில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் கையில் இருப்பது 85. ஜனவரி இரவில் ஹீட்டரின் காற்றாடி 7, 8 ஆம்பியர் இழுக்கும். விட்டுவிட்டு ஓடினாலும் விடிவதற்குள் 40 ஏஎச் போய்விடும். விளக்கு, தண்ணீர் பம்ப், போன் எல்லாம் சேர்த்து 10. ஃபிரிட்ஜ் கேஸில் ஓடினாலும் அதன் சர்க்யூட் போர்டு, கேஸ் கசிவு அலாரம் எல்லாம் இரவு பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவது ஒரு 15. ஆக, ஒரு நாளைக்கு 65. குளிர்காலச் சாய்வெயிலில், கூரையில் படுக்க வைத்த 100 வாட் தகடு திருப்பித் தருவது 25 ஏஎச் அளவுக்குத்தான். யானைப் பசிக்குச் சோளப்பொரி. மீதியை ஜெனரேட்டர்தான் ஏற்ற வேண்டும்.

அங்கேதான் கோளாறு. ஜெனரேட்டர் ஓடும்போது கன்வெர்டரில் மல்டிமீட்டரை வைத்தால் 13.6 வோல்ட், பேட்டரி முனையில் வைத்தால் 13.4. எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அதற்கு மேல் ஏறுவதில்லை. பாதி இறங்கிய ஈய-அமில பேட்டரியை ஓரிரு மணி நேரத்தில் தேற்ற 14.4 வோல்ட்டாவது வேண்டும். கன்வெர்டரின் கையேடும் 14.4 வரை போகும் 'பல்க்' நிலை, அதாவது வேகமாகச் சார்ஜ் ஏற்றும் நிலை, உண்டு என்கிறது. நான் அதை ஒருமுறைகூடக் கண்டதில்லை. கிளாம்ப் மீட்டரில் 20 ஆம்பியரில் தொடங்கும் ஓட்டம் அரை மணி நேரத்தில் 10-க்குக் கீழே வந்துவிடுகிறது. 55 ஆம்பியர் என்பது பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரோடு சரி.

காரணம் ஒன்றும் ரகசியமல்ல. கன்வெர்டர் வண்டியின் பின்பக்கம், பேட்டரிகள் முன்னால் இழுவைக் கம்பியின் மேல். நடுவில் ஓடும் வயர் நீளம், அதுவும் மெல்லியது. வோல்ட்டேஜ் வழியிலேயே விழுகிறது. பேட்டரி எவ்வளவு காலியாக இருக்கிறது என்பது கன்வெர்டருக்கு எட்டுவதே இல்லை, அதனால் அது பல்க் நிலைக்குத் தாவுவதும் இல்லை. நாள் முழுக்க ஜெனரேட்டரை ஓட்டி ஈடுகட்டலாமே என்பீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அங்கே ஓட்டக் கூடாது. பகலெல்லாம் அதன் இரைச்சலைக் கேட்கவா பாலைவனத்துக்குப் போகிறோம்?

பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரிலும் பார்த்தேன். முழுசாக ஏறிய பேட்டரியில் மிதவை 1.265-ஐ ஒட்டி நிற்க வேண்டும். இங்கே, நீண்ட நேரம் சார்ஜ் ஏற்றிய பிறகும் ஆறு அறையிலும் 1.225-ஐத் தாண்டவில்லை, அதாவது ஏறக்குறைய 75 சதவீதம். ஓர் அறை மட்டும் இறங்கியிருந்தால் பேட்டரியின் குறை எனலாம். ஆறும் ஒரே மட்டத்தில் நின்றால், ஏற்றுகிற பக்கம்தான் குறை. 75-இல் தொடங்கினால் பாதியைத் தொட 42 ஏஎச்தான் இருக்கிறது; அது முதல் இரவுக்கே காணாது. இப்படி அரையும் குறையுமாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும், பேட்டரி சாகும். உங்கள் பணிமனை செய்தது என்ன? பேட்டரிகளைக் கழற்றி, கடையின் சார்ஜரில் போட்டு, 'தாங்கவில்லை' என்று எழுதிக்கொடுத்து, சோதனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டது. கன்வெர்டர் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் தொலைபேசியில் ஒரு யோசனை: லித்தியத்துக்கு மாறுங்கள், தள்ளுபடி தருகிறோம் என்று. லித்தியம் நல்ல பொருள்தான், முக்கால் பங்குக்கு மேலேயே எடுக்கலாம். ஆனால் அதுவும் சரியாக நிரம்பி செல்கள் சமமாக 14.2 வோல்ட்டுக்கு மேல் கேட்கும், இதே கன்வெர்டரும் இதே வயரும் அதை எங்கிருந்து தரும்? தவிர, உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏற்றக் கூடாது. என் பேட்டரிப் பெட்டி வெளியே குளிரில் இருக்கிறது. இதையெல்லாம் கேட்காமலே விலை சொன்னார் உங்கள் ஊழியர்.

எனக்கு வேண்டியது இதுதான். கன்வெர்டரை உண்மையிலேயே 14.4-க்கு ஏறும் ஒன்றாக மாற்றி, பேட்டரிக்குப் பக்கத்தில் தடித்த வயரோடு பொருத்துங்கள். செத்த இரண்டுக்கும் பதிலாக, கிராங்கிங் ஆம்பியரை (என்ஜினைக் கிளப்பும் திறனை) பெரிதாகப் போட்டு விற்கும், என்ஜினுக்கும் வீட்டு உபயோகத்துக்கும் பொதுவான இந்த இரட்டைப் பயன் ரகம் வேண்டாம். தொடராக இணைத்த 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகள் இரண்டு கொடுங்கள், 200 ஏஎச்சுக்கு மேல் கிடைக்கும். சோதனைக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். இது முடியாது என்றால் பேக்கேஜுக்கு வாங்கிய முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும்.

1975-ஆம் ஆண்டின் மாக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டப்படி, எழுத்தில் வாரண்டி கொடுத்த விற்பனையாளர், பொருள் தன் வேலைக்குத் தகுதியானது என்ற மறைமுக வாரண்டியைக் கைகழுவ முடியாது. 30 நாளில் பதில் வராவிட்டால் அரிசோனா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் பதிவு செய்வேன்.

மீட்டர் அளவுகளின் படங்கள், ஹைட்ரோமீட்டர் குறிப்பு, ரசீது நகல்களை இணைத்துள்ளேன். வண்டியை எந்தத் தேதியில் கொண்டுவர வேண்டும் என்பதைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்