சிப்பி இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஓடும் ஆற்றில் நன்னீர்ச் சிப்பிகள் அடியோடு அற்றுப்போய்விட்டதாகத் தன்னார்வலர்கள் சிலர் கூறிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் எவ்வளவு பரப்பில், எம்முறையில் தேடினார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இல்லாததைப் பாதுகாக்க வேண்டியதில்லை என்று சொல்லி மண்வாரி இயந்திரங்களை ஆற்றில் இறக்குவது எளிது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நூறு சதுர மீட்டருக்கு ஒரு சிப்பி என்ற அளவுக்கு அவை அருகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தைப் படுகையில் 100 இடங்களில் வைத்துத் தேடினாலும், பார்த்த பரப்பு 25 சதுர மீட்டர்தான். ஒன்றுகூட அகப்படாமல் போவதற்கு ஏறத்தாழ 78 விழுக்காடு வாய்ப்புண்டு. அந்த வாய்ப்பை 5 விழுக்காடாகக் குறைக்க ஏறக்குறைய 1,200 சட்டங்கள் தேவை. அதுவும், சட்டத்துக்குள் இருப்பவை அத்தனையும் கண்ணில் பட்டால்தான்! சிப்பிகளோ திட்டுத்திட்டாக வாழ்பவை. மணலுக்குள் புதைந்தும் கிடப்பவை.

ஆகவே, மேலே தென்படுபவற்றை எண்ணிய பின், சில சட்டங்களிலாவது 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை தோண்டி, மணலைச் சல்லடையில் அலசிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் இளஞ்சிப்பிகள் பெரும்பாலும் அப்போதுதான் கிடைக்கும். சிப்பிகளின் இளவுயிரிகள் மீன்களின் செவுள்களிலோ துடுப்புகளிலோ ஒட்டி வளர்பவை; அந்த மீன்கள் குறைந்துவிட்டால், பல ஆண்டுகள் வாழக்கூடிய முதிய சிப்பிகள் மட்டும் எஞ்சி நிற்க, அடுத்த தலைமுறை உருவாகாது.

சிப்பி இருக்கிறதா என்று அறிய மட்டும், கரையோரம், மணல்திட்டு, மர வேரடி என வாய்ப்புள்ள இடங்களில் நேரக் கணக்கு வைத்துக் கையால் துழாவித் தேடுவதே சிக்கனமான வழி. ஆனால் தேடுபவரின் பழக்கமும் நீரின் கலங்கலும் முடிவை மாற்றிவிடும். மழைக்கு மறுநாள் எங்கள் ஆறு தேநீர் நிறத்தில் ஓடும். அன்று எண்ணியதை வறண்ட மாத எண்ணிக்கையோடு ஒப்பிட்டு 'குறைந்துவிட்டது' என்பது சரியாகாது. ஆண்டுக்காண்டு அடர்த்தியை ஒப்பிட, தற்செயலாகத் தேர்ந்த தொடக்கப் புள்ளியிலிருந்து சம இடைவெளியில் சட்டங்களை வைப்பதே பொருத்தம்.

நீர் வற்றித் தெளிந்திருக்கும் நாள்களில் மீண்டும் ஒரு கணக்கெடுப்பை நடத்தி, தேடிய பரப்பு, ஆள்கள், நேரம், நீரின் தெளிவு ஆகியவற்றோடு வெற்று ஓடுகளைத் தனியே குறித்து வெளியிடுமாறு அக்குழுவினரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எடுத்த சிப்பிகளை அளந்ததும் அதே இடத்தில் மணலில் பதித்துவிடவும் வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்