அரசர் போடாத கையெழுத்து

அன்புள்ள நண்பனுக்கு,

ஊர் திரும்பிய மறுநாளே உன் கடிதம் கைக்கு வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, நீயே உன் கைப்பட நான்கு பக்கம் எழுதியிருந்ததைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. எழுத்து முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான். தங்கைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் சொன்ன தைலத்தைத் தொடர்ந்து தேய்க்கச் சொல்.

தம்பி மகளின் பட்டமளிப்புக்காக இத்தாலியின் போலோஞா நகரில் மூன்று வாரம் இருந்தேன். பிள்ளை நன்றாகப் படித்துவிட்டாள். அந்த ஊரில் வெயிலிலும் மழையிலும் நனையாமல், வாடாமல், தூண்கள் தாங்கிய நடைபாதைக் கூரைக்குள்ளேயே நாள் முழுதும் நடக்கலாம். தினமும் அப்படி நடந்தபோதெல்லாம் உன் முந்தைய கடிதத்தில் இருந்த கேள்விதான் கூடவே வந்தது. “நாடாளுமன்றம், நீதிமன்றம், பத்திரிகை எல்லாம் இருந்த நாட்டில் மக்கள் எப்படி முசோலினியைத் தேர்ந்தெடுத்தார்கள்? முதல் உலகப் போர் கொண்டுவந்த வறுமைதான் காரணமா?” என்று கேட்டிருந்தாய்.

வறுமை உண்மை. ஆனால் ‘தேர்ந்தெடுத்தார்கள்’ என்ற சொல்லை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆட்சி கைக்கு வரும் வரை அந்த மனிதரின் கட்சி ஒரு தேர்தலில்கூட மக்களிடம் பெரும்பான்மை பெற்றதில்லை. 1919 மார்ச் 23 அன்று மிலான் நகரில் தன் பாசிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கினார். நவம்பரில் தேர்தல் வந்தது. அவருடைய சொந்தக் கோட்டையான மிலானிலேயே ஐயாயிரம் வாக்குகூடக் கிடைக்கவில்லை; ஓர் இடமும் இல்லை. சோசலிஸ்டுகள் 156 இடம் பெற்றார்கள். முசோலினி ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்த சோசலிஸ்ட் நாளேடே, மிலான் கால்வாயில் அழுகிய பிணம் ஒன்று கிடைத்திருப்பதாகவும் அது முசோலினிதான் போலும் என்றும் எழுதியது. அந்தத் தேர்தலில் அவருடைய பட்டியலில் இசைமேதை டோஸ்கனினியும் நின்றார் என்பது உனக்கு வியப்பாக இருக்கும். அவர் சீக்கிரமே விலகிவிட்டார். 1931இல் பாசிஸ்டுகளின் கட்சிப் பாட்டை வாசிக்க மாட்டேன் என்று சொன்னதற்காக, இதே போலோஞாவில் அரங்க வாசலில் வைத்து அவரைக் கன்னத்தில் அறைந்தார்கள்.

வாக்கு தராத மக்களிடமிருந்து ஆட்சி எப்படிப் போயிற்று என்பதற்கான பதில் நகரத்தில் இல்லை, வயலில் இருக்கிறது. போ நதிச் சமவெளியில் ரயிலில் போகும்போது நீ பார்க்க வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமதரை, வாய்க்கால், கோதுமை, சணல், வரப்போரம் நெட்டை மரங்கள். அங்கே சொந்த நிலம் இல்லாத தினக்கூலிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அறுவடை முடிந்தால் வேலை இல்லை. குளிர்காலம் முழுதும் பட்டினி. போர் முடிந்து வந்த இரண்டு ஆண்டுகளில் அவர்கள் சங்கம் கட்டி, இத்தனை ஏக்கருக்கு இத்தனை ஆளைக் கட்டாயம் வேலைக்கு எடுக்க வேண்டும், ஆளைச் சங்கம் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்ற நிலைக்குப் பண்ணையார்களைக் கொண்டுவந்தார்கள். 1920 இலையுதிர் காலத்தில் போலோஞா மாவட்டப் பண்ணையார்கள் நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சங்கத்திடம் பணிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே பருவத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளும் நகராட்சிகளும் சோசலிஸ்டுகள் கைக்கு வந்தன. நேற்றுவரை தொப்பியைக் கழற்றிக் குனிந்து நின்றவன் இன்று ஊர் மன்றத்தில் உட்கார்ந்து வரி போடுகிறான். பண்ணையார் வீடுகளில் அதை யாராலும் பொறுக்க முடியவில்லை.

நவம்பர் 21 அன்று போலோஞாவின் புதிய சோசலிஸ்ட் மன்றம் பதவி ஏற்றது. நகராட்சிக் கட்டடத்தின் முன்னால் சதுக்கத்தில் பெருங்கூட்டம். பாசிஸ்டுகள் சுட்டுக்கொண்டே வந்தார்கள். உள்ளே காவலுக்கு இருந்த சோசலிஸ்டுகள் பதற்றத்தில் குண்டுகளை வீசினார்கள். அவை விழுந்தது தங்கள் சொந்த மக்கள் மேலேயே. மன்றத்துக்குள் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஒரு சாவை வைத்துக்கொண்டு அடுத்த மாதங்களில் சமவெளி முழுதும் பழிவாங்கல் தொடங்கிவிட்டது.

அதை அவர்கள் செய்த முறையைச் சொல்கிறேன். நள்ளிரவில் லாரிகள் வரும். லாரி பண்ணையாருடையது, பெட்ரோலும் அவர் கொடுத்தது. துப்பாக்கி பல இடங்களில் ராணுவக் கிடங்கிலிருந்து வந்தது. சங்கத் தலைவரின் வீட்டைச் சூழ்ந்துகொண்டு, கீழே இறங்கி வா, வராவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு வீட்டைக் கொளுத்துவோம் என்பார்கள். அவர் இறங்கி வருவார், வேறென்ன செய்வார்? லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் குண்டாந்தடியால் அடித்து, ஆடையை உரித்து, மரத்தில் கட்டிவிட்டுப் போவார்கள். வாயைப் பிளந்து விளக்கெண்ணெய்யைப் புட்டிக்கணக்கில் ஊற்றுவார்கள். நாம் சிறுவயதில் அரை அவுன்ஸ் குடித்துவிட்டுப் பட்ட பாட்டை நினைத்துப் பார். ஒரு லிட்டர் உள்ளே போனவன், ஊர் பார்க்க, தன் துணியிலேயே கழிந்துகொண்டு வீட்டுக்கு நடந்து வர வேண்டும். சிலர் அதிலேயே செத்தும் போனார்கள். உயிரோடு விட்டாலும் அதற்குப் பிறகு அவன் பேச்சை ஊரில் யார் கேட்பார்கள் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. காலையில் புகார் கொடுக்கப் போனால், போலீஸ் அடிபட்டவன் வீட்டில்தான் ஆயுதம் தேடியது.

சங்கக் கட்டடங்கள், கூட்டுறவுக் கடைகள், வாசகசாலைகள் என்று 1921இன் முதல் ஆறு மாதங்களில் நூற்றுக்கணக்கானவை எரிந்தன. வேலை கொடுக்கும் உரிமை பாசிஸ்டுகள் கைக்குப் போன பிறகு, பசித்த கூலி அவர்கள் நடத்திய சங்கத்திலேயே போய்ப் பெயர் எழுதினான். ஃபெர்ரரா பக்கத்தில் முழுச் சங்கங்களே அப்படி மாறின. நீ சொல்லும் வறுமையை நான் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன்.

சோசலிஸ்டுகள் மேல் தவறே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். புரட்சி வருகிறது என்று தினமும் மேடையில் முழங்கினார்கள். அதற்கு ஒரு முன்னேற்பாடும் செய்யவில்லை. போரிலிருந்து திரும்பிய சிப்பாயையும் அதிகாரியையும் தெருவில் கேலி செய்து எதிரியின் பக்கம் தள்ளினார்கள். மிதவாதிகளோடு கூட்டு அரசு அமைக்க மறுத்தார்கள். 1921 ஜனவரியில் லிவோர்னோ மாநாட்டில் கம்யூனிஸ்டுகள் பிரிந்தார்கள். 1922 அக்டோபரில், பாசிஸ்டுகள் ரோமை நோக்கிப் படையெடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, மிச்சம் இருந்ததும் மறுபடி பிளந்தது. நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆனாலும் வாசலைத் திறந்துவிட்டவர்கள் வேறு ஆட்கள். அதற்கு 1915க்குப் போக வேண்டும். நம் பாடப்புத்தகங்கள் 1919இல் தொடங்குவதால்தான் இந்தக் கதை புரியாமல் போகிறது என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் போர் தொடங்கியபோது இத்தாலி ஒதுங்கி நின்றது. நாடாளுமன்றப் பெரும்பான்மையும் போர் வேண்டாம் என்ற பக்கமே இருந்தது. முன்னாள் பிரதமர் ஜியோலிட்டி ரோமுக்கு வந்தபோது, சுமார் முந்நூறு உறுப்பினர்கள் தங்கள் முகவரிச் சீட்டை அவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள், உங்கள் பக்கம் இருக்கிறோம் என்பதற்கு அடையாளமாக. ஆனால் அதற்கு முன்பே, ஏப்ரல் 26 அன்று, போரில் சேர்வதாக அரசு லண்டனில் ரகசிய ஒப்பந்தம் போட்டுவிட்டிருந்தது; உறுப்பினர்களுக்கு அது தெரியாது. மே மாதம் தெருவில் கவிஞர் தன்னுன்சியோ மக்களைக் கிளப்பினார், போர் வேண்டாம் என்றவர்கள் துரோகிகள் என்று முழங்கினார். அரசர் விக்டர் இம்மானுவேல் போர் கேட்ட பிரதமரையே மீண்டும் அமர்த்தினார். மே 24 அன்று நாடு போருக்குப் போயிற்று. தெருவும் அரண்மனையும் சேர்ந்தால் நாடாளுமன்றத்தைப் புறந்தள்ள முடியும் என்பது அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தப் போரில் சுமார் ஆறு லட்சம் இத்தாலியச் சிப்பாய்கள் செத்தார்கள். பெரும்பாலும் குடியானவர்கள். இத்தாலி வென்ற நாடு என்பதை மறந்துவிடாதே. ஆனாலும் கேட்ட நிலமெல்லாம் கிடைக்கவில்லை என்பதால் ‘ஊனமாக்கப்பட்ட வெற்றி’ என்று தன்னுன்சியோ பெயர் சூட்டினார். 1919 செப்டம்பரில் கலகம் செய்த சிப்பாய்களோடு அட்ரியாடிக் கடலோரத்து ஃபியூமே நகரைப் பிடித்து, மாடத்தில் நின்று கூட்டத்தோடு கேள்வியும் பதிலுமாகப் பேசி, பதினைந்து மாதம் அங்கே இருந்தார். அரசு பார்த்துக்கொண்டிருந்தது. முசோலினியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு 1921 மே தேர்தலில் ஜியோலிட்டி, இந்த முரட்டுப் பிள்ளைகளைக் கூட்டணியில் சேர்த்துக்கொண்டால் அடங்கிவிடுவார்கள் என்று நம்பித் தன் பட்டியலில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். 535 பேர் கொண்ட அவைக்கு 35 பாசிஸ்டுகள் அப்படித்தான் நுழைந்தார்கள். 1922 அக்டோபர் 28 அன்று அதிகாலை, ரோமுக்கு வெளியே பாசிஸ்டுப் படையான கறுப்புச் சட்டைக்காரர்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். அரைகுறை ஆயுதம், சாப்பாடும் சரியாக இல்லை. நகரைக் காக்க ராணுவம் தயாராக இருந்தது. பிரதமர் ஃபாக்டா, ராணுவத்தைக் களத்தில் இறக்கும் முற்றுகை நிலை ஆணையை எழுதிவிட்டார், சுவரொட்டியும் ஒட்டியாயிற்று. காலையில் அரசரிடம் கொண்டுபோனால், கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அந்த ஒரு கையெழுத்து இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போலோஞாவில் தூக்கம் வராமல் கிடந்தேன். முசோலினி படையோடு வரவில்லை. மிலானில் இருந்தார், அழைப்பு வந்த பிறகு இரவு ரயிலில், படுக்கை வண்டியில் ஏறி, 30ஆம் தேதி காலை ரோமில் இறங்கினார். வயது 39. நவம்பரில் நம்பிக்கை வாக்கு 306க்கு 116. ஆதரித்தவர்களில் ஐந்து முன்னாள் பிரதமர்கள் உண்டு.

எதிர்த்த பக்கத்தில் இருந்த ஒருவரைப் பற்றித்தான் உனக்கு உண்மையில் எழுத நினைத்தேன். ஜாக்கோமோ மத்தெயோத்தி. அதே சமவெளிக்காரர், ஃப்ராட்டா போலெசினே என்ற சிற்றூர். வசதியான நிலவுடைமைக் குடும்பம். போலோஞாவில் சட்டம் படித்தவர். தன் வர்க்கத்துக்கு எதிராகக் கூலிகள் பக்கம் நின்றார். இரவில் லாரி வருவதைப் பற்றி மேலே நான் எழுதியதில் பாதி, 1921இல் அவர் அவையில் எழுந்து சொன்னதுதான். அதே ஆண்டு மார்ச்சில் அவரையே கடத்திப்போய் அடித்து, சொந்த மாவட்டத்தில் கால் வைக்கக் கூடாது என்று விரட்டினார்கள். 1924 மே 30 அன்று, வன்முறையால் நடந்த தேர்தல் செல்லாது என்று அவையில் பேசினார். மூச்சுக்கு மூச்சு கூச்சல் போட்டுத் தடுத்தார்கள். அவர் ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். உட்கார்ந்ததும் தோழர்களிடம், என் பேச்சை நான் பேசிவிட்டேன், இனி நீங்கள் என் இரங்கல் உரையைத் தயார் செய்யுங்கள் என்றாராம். ஜூன் 10 மாலை, டைபர் நதிக்கரைச் சாலையில் நடந்து போனவரைக் காரில் இழுத்துப்போட்டுக் குத்திக் கொன்றார்கள். ஆகஸ்டில்தான் ரோமுக்கு வெளியே ஒரு காட்டில் உடல் கிடைத்தது. அப்போதும் அரசர் ஒன்றும் செய்யவில்லை. எதிர்க்கட்சிகள் அவையை விட்டு வெளியேறி, அரசர் மனம் மாறும் என்று காத்திருந்தன. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி அவையில் நின்று, நடந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்னுடையதே என்று அறிவித்தார். யாரும் கைது செய்யவில்லை. அதன் பிறகு கட்சிகள், பத்திரிகைகள் எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தன.

நாம் இருவரும் வாழ்நாள் முழுதும் சாக்பீஸ் பிடித்தவர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பாசிச ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றார்கள். சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நானாக இருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பேன்? குடும்பம், சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் கண்முன் வருகிறது. நீயும் யோசித்து எழுது.

போலோஞா நகராட்சிக் கட்டடத்தின் வெளிச்சுவரில், நெப்டியூன் நீரூற்றுக்கு எதிரே, பாசிஸ்டுகளையும் நாஜிகளையும் எதிர்த்து மடிந்தவர்களின் படங்கள் வரிசை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அந்தச் சுவரடியில்தான் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். 1945 ஏப்ரலில் நகரம் விடுதலையான அன்று அம்மாக்களும் மனைவிமார்களும் வீட்டிலிருந்த படங்களைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள்; அதிலிருந்து வந்த வழக்கம். சிலர் பள்ளிப் பையன்கள் மாதிரி இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு எடுத்த படம் போல, தலை வாரி, கழுத்துப்பட்டை கட்டி, கொஞ்சம் சிரித்தபடி. தம்பி மகள் பக்கத்தில் நின்று பெயர்களைப் படித்துச் சொன்னாள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஃப்ராட்டாவுக்கும் போய்வந்தோம். மத்தெயோத்தி பிறந்த வீடு இப்போது காட்சியகம்; கல்லறையும் அந்த ஊரில்தான். கணவர் உடலை ரயிலில் ஊருக்குக் கொண்டுபோனபோது அவர் மனைவி வெலியா உள்துறை மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ரயிலில் பாசிஸ்டுப் படைக் காவல் வேண்டாம், பயணத்தில் எங்கும் ஒரு கறுப்புச் சட்டைகூட என் கண்ணில் படக் கூடாது, சாதாரணக் குடிமகளாகப் பயணம் செய்ய விரும்புகிறேன் என்று.

படங்களைத் தனியாக அனுப்புகிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்