மூடி விழாத பெட்டி வேண்டும்: ராமநாதபுரம் கடலோர ஆசாரிமார்களுக்கும் மரச்சாமான் கடைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் மரவேலை பார்க்கும் ஆசாரிமார்களுக்கும், மரச்சாமான் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நான் மண்டபத்துக்காரி. மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் பொம்மைகளைப் போட்டு வைக்க உறுதியான ஒரு மரப்பெட்டி தேடி இந்த ஒரு வருஷமாக நான் பட்ட பாட்டைத்தான் எழுத வந்தேன். யார் பெயரையும் சொல்லிச் சண்டை போடப் போவதில்லை. பயப்படாமல் படியுங்கள்.

முதல் பெட்டியைக் கடையில் வாங்கினேன். "மரந்தாம்மா, தட்டிப் பாருங்க" என்றார்கள். தட்டினேன், சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை வந்து தரை ஈரம் ஏறியதும் பெட்டியின் அடிப்பக்கம் டீயில் முக்கிய பன் மாதிரி உப்பிவிட்டது. மேலே மர ரேகை போட்ட தாள், உள்ளே அழுத்தின மரத்தூள். கீலில் இருந்த திருகாணிகள் துருவேறி ஆடத் தொடங்கின. ஒன்றைத் திருகிப் பார்த்தேன், திருகாணியோடு சேர்ந்து அது இருந்த இடமும் பொடியாக உதிர்ந்தது. அப்புறம் ஒருநாள் மதியம் மூடி படாரென்று விழுந்தது. ஓடிப் போனால் மகளின் நடுவிரல் கணு நீலம் பாரித்து நிற்கிறது. "அம்மா, பெட்டி கடிச்சிருச்சு" என்றாள். இன்றைக்கும் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் "இது கடிக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிட்டே போகிறாள்.

சரி, நல்ல மரத்தில் செய்வோம் என்று ஒரு ஆசாரியிடம் போனேன். தேக்கு. வேலை சுத்தம், குறையே சொல்ல முடியாது. மூலையில் ஆணியே இல்லாமல் பல் பல்லாக அறுத்துக் கோத்திருந்தார். பித்தளை நாதாங்கி வேறு. "நூறு வருஷம் நிக்கும், உங்க பேத்திக்கும் ஆகும்" என்றார். மூடியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், மணிக்கட்டு வலித்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். முக்கால் மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம், இரண்டு சென்டிமீட்டர் கனம். தேக்கில் அது ஏறக்குறைய நான்கு கிலோ. குனிந்து பொம்மை எடுக்கிற பிள்ளையின் பிடரிக்கு நேர் மேலே நான்கு கிலோ பலகை எதையும் பிடிக்காமல் நிற்கிறது.

இத்தனை பேரிடம் பேசியதில் எல்லாரும் என்னிடம் கேட்டது என்ன மரம், என்ன பாலிஷ் என்பதுதான். மூடி எப்படி நிற்க வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நகைப்பெட்டிக்கும் துணிப்பெட்டிக்கும் அந்தக் கேள்வி தேவைப்படாது. அவற்றைத் திறப்பது பெரியவர்கள். இதைத் திறப்பது, மூடியைப் பிடித்துக்கொண்டே எழுந்து நிற்கிற உருப்படி.

பொம்மைப் பாதுகாப்புக்கான தர நெறிகளில் இந்த மூடிக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. நம் நாட்டில் அது ஐ.எஸ். 9873 வரிசை, 2021 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகிவிட்டது. நீங்கள் கையால் செய்யும் பெட்டி அந்தச் சட்டத்துக்குள் வருமா வராதா என்பதை விடுங்கள். இந்த நெறிகள் மூடியைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பாருங்கள். மூடியை எந்த உயரத்தில் விட்டாலும் 12 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. மூடுவதற்கு முந்தைய கடைசி 50 மில்லிமீட்டருக்கு மட்டும் விலக்கு. 7000 தடவை திறந்து மூடிய பிறகும் அதே மாதிரி நிற்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்று வைத்தால்கூட ஏறக்குறைய இரண்டு வருஷக் கணக்கு. கீல் பக்கத்து இடுக்குக்கும் அளவு உண்டு: 5 மில்லிமீட்டர் கம்பி நுழைகிற இடுக்கு என்றால் 12 மில்லிமீட்டர் கம்பியும் நுழைய வேண்டும். ஒன்று விரலே போகாத சந்து, இல்லையென்றால் போன விரல் நசுங்காத சந்து.

சமையலறை அலமாரிக் கதவைத் தூக்கிப் பிடிக்க மாட்டுகிற கேஸ் பம்ப்பையே இதற்கும் மாட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். மாட்டியும் காட்டினார். பாதிக்கு மேல் தூக்கினால் நின்றது, பாதிக்குக் கீழே விட்டதும் தொப்பென்று விழுந்தது. பிள்ளையின் தலையும் கையும் இருப்பது அந்தக் கீழ்ப்பாதியில்தான். விட்ட இடத்தில் நிற்கிற, இறுக்கமான கீலாக வேண்டும், மூடியின் எடைக்குப் பொருந்தியதாக. கனத்தைக் குறையுங்கள், பாதி வேலை முடிந்தது. 12 மில்லிமீட்டர் நல்ல பிளைவுட் மூடி போதும். மேலே தேக்குப் பலகைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் கண்ணாடி அலமாரி செய்துகொள்ளட்டும்.

இன்னொன்று காற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் பலகைக்குப் பலகை பஞ்சு திணித்து வல்லம் என்கிற மரப்படகு கட்டுகிற ஊர் இது. இந்தப் பெட்டிக்கு நேர்மாறான கைப்பக்குவம் வேண்டும். கண்ணாமூச்சி விளையாட்டில் பிள்ளை உள்ளே போய் உட்கார்ந்து மூடிக்கொள்ளும். அப்போது உள்ளே காற்று போக வேண்டும், மூடி உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும். அதனால் நாதாங்கி, கொண்டி, பூட்டு எதுவும் கூடாது. காற்றுக்கு, ஒன்றுக்கொன்று 15 சென்டிமீட்டராவது தள்ளி இரண்டு துளை, ஒவ்வொன்றும் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக. பின்பலகையில் போட்டால் சுவர் அடைத்துக்கொள்ளும், பக்கப் பலகைகளில் போடுங்கள். முன்பலகையின் மேல்விளிம்பைப் பிறை மாதிரி வளைத்து அறுத்துவிட்டால் இன்னும் அழகு. மூடி விழுந்தாலும் அங்கே விரல் தப்பும், காற்றும் போகும். பல்லி நுழையுமே என்று மாமியார் கேட்டார். நுழையட்டும்.

மரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காய்ந்த வேம்பு இருந்தால் போதும், கரையான் சீக்கிரம் தொடாது. பூவரசு நம் உப்புக்காற்றில் வளர்ந்த மரம். பச்சை மரத்தை மட்டும் தலையில் கட்டாதீர்கள், ஒரே கோடையில் வெடித்துவிடும். அடிப்பலகை தரையில் படாமல் இரண்டு அங்குலக் கால் வையுங்கள். உடைத்த படகின் பலகை மலிவாக வருகிறதே என்று அதில் பிள்ளைப் பெட்டி செய்ய வேண்டாம். எத்தனை வருஷத்து எண்ணெய், தார், பழைய சாயம் அதில் ஊறியிருக்கிறதோ. பழைய சாயம் என்றால் ஈயம் இருக்கலாம். புதுப் பெயிண்டிலேயே ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 2017 நவம்பரிலிருந்து விதி. பிள்ளை பெட்டி விளிம்பைக் கடிக்கும், அதை மறக்காமல் பெயிண்டு டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

இரும்பு ஆணி, இரும்புக் கீல் வேண்டவே வேண்டாம். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் இந்த உப்புக்காற்றோடு பட்ட பாடு நாம் பார்த்தது. அதனால்தான் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள். பாலத்துக்கே அப்படி என்றால் கீல் எம்மாத்திரம். பித்தளை போடுங்கள், பச்சை பிடித்தாலும் தாங்கும். ஸ்டெயின்லெஸ் என்றால் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள், 304 ரகம் நம் ஊரில் கறை பிடிக்கும்.

கடைக்காரர்களிடம் ஒன்று. மரத்தூள் பலகையை விற்பது தப்பில்லை, மரத்தூள் பலகை என்று சொல்லி விற்றால். வாடிக்கையாளர் வந்தால் மூடியைப் பாதியில் விட்டுக் காட்டுங்கள். நின்றால் நான்கு பேரிடம் நானே சொல்லி அனுப்புகிறேன்.

எங்கள் வீட்டுத் தேக்குப்பெட்டிக்கு இப்போது மூடி இல்லை. என் வீட்டுக்காரர் கீலைக் கழற்றிவிட்டார், நாதாங்கியும் போயிற்று. மூடி, அரிசி மூட்டைக்கு அடியில் கிடக்கிறது. மூடி இல்லாத பெட்டிதான் உண்மையில் எல்லாவற்றையும்விடப் பத்திரம், எனக்கும் தெரியும். ஆனால் வடகடல் காற்று அடிக்கிற நாளில் சாயங்காலம் பெட்டியைக் கவிழ்த்தால் கையளவு மணல் கொட்டுகிறது. அதனால் மூடி வேண்டும். 75க்கு 40, உயரம் 40 சென்டிமீட்டர், விட்ட இடத்தில் நிற்கிற மூடி. யார் செய்து தருகிறீர்கள்?

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு தாய்