பணம் கைமாறும் முன் வண்டியைத் தூக்கிப் பார்க்க விடுங்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வணிகர்களுக்கும் ஏல நிறுவனத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கும் அம்மையார்களுக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் ஜோஹனஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி விற்கும் உங்களிடம், அந்தக் கார்களை வாங்க வருவோருக்காகப் பரிசோதித்துக் கொடுக்கும் பட்டறைக்காரன் என்ற முறையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். வாங்க விரும்புபவர் தம் செலவில், தாமே தேர்ந்தெடுத்த மெக்கானிக்கைக் கொண்டு, பணம் கைமாறும் முன் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்ப்பதற்கு நீங்கள் எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். உங்களில் பலர் ஏற்கெனவே அப்படித்தான் நடந்துகொள்கிறீர்கள். ‘அதுதான் ரோட்வர்தி (சாலைத் தகுதிச் சான்றிதழ்) இருக்கிறதே, இன்னும் என்ன பார்க்க வேண்டும்?’ என்று கேட்டு எங்களை வாசலிலேயே நிறுத்துபவர்களை எண்ணித்தான் இதை எழுதுகிறேன்.

உரிமையாளர் மாறும்போது பெற வேண்டிய சாலைத் தகுதிச் சான்றிதழை நான் குறைத்துப் பேசவில்லை. பிரேக், ஸ்டியரிங், விளக்குகள், டயர், சஸ்பென்ஷன் ஆகியவை அன்றைய தேதியில் சாலைக்குப் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அதன் வேலை. அந்த வண்டி கேட்கும் விலைக்குப் பெறுமா என்று சொல்வது அதன் வேலையே இல்லை. டயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வரிப்பள்ளம் 1 மி.மீ. ஆழம் இருந்தால் நம் நாட்டுச் சட்டப்படி போதும். ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடி, மற்ற நாளெல்லாம் கொட்டகையில் உறங்கும் வண்டியில் பள்ளம் தேயவே தேயாது. ரப்பர் மட்டும் கல்லாக இறுகிப் பக்கவாட்டில் வெடித்துக் கிடக்கும். டயரின் ஓரத்தில் 2309 என்று பொறித்திருந்தால் அது 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. அந்த நான்கு எண்களைக் குனிந்து படிக்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் வாங்க வருபவர் ஸ்டியரிங்கையும் குரோம் பூச்சையும் பார்த்துக் கிறங்கி நிற்கும் நேரத்தில் அவருக்குக் குனியத் தோன்றாது.

துருவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் டர்பன் கடற்கரையில் எல்லா வழக்கும் அங்கேதான் தொடங்குகிறது. 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுத்தகடு, அடியில் ஒரு பெட்டி வடிவத் தகடு என்று அது பல அடுக்காக இருப்பதால், ஈரமும் உப்பும் உள்ளே தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். அரித்த தகட்டை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் வெயிலில் பளபளவென்றுதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க நான் செய்வதெல்லாம் இவ்வளவுதான்: மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைச் சில் நெடுகக் கொண்டுபோவேன், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது பிடிவிட்டு விழும். பெயிண்ட் கனத்தை அளக்கும் கருவியை வைப்பேன். ஆலைப் பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும், ஆயிரத்தைத் தாண்டினால் அது பெயிண்ட் அன்று, பட்டி. பிறகு வண்டியைத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பார்ப்பேன். தரையில் நன்றாக மூடிய கதவு, ஜாக்கியில் ஏறியதும் பின்பக்கத் தூணில் இடித்தால் அந்த முதுகெலும்பு தளர்ந்துவிட்டது என்று பொருள். தரையில் நிற்கும் வண்டியில் இந்தக் கடைசிச் சோதனையைச் செய்ய வழியே இல்லை. நான் லிஃப்ட் கேட்பது வீம்புக்காக அல்ல.

‘இது ஜோஹனஸ்பர்க் வண்டி, துருவே கிடையாது’ என்று நீங்கள் சொல்வதில் உண்மை உண்டு. மேட்டு நிலத்தின் உலர்ந்த காற்று தகட்டுக்கு நல்லது. ஆனால் அதே வண்டி இடையில் பல ஆண்டுகள் எங்கே நின்றது என்பதை விளம்பரத்தில் நான் கண்டதில்லை. மேலும் அங்கே எடுத்த கம்ப்ரஷன் எண்களை (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தின் அளவுகளை) இங்கே எடுத்தவற்றோடு நேராக ஒப்பிட முடியாது: சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே நல்ல எஞ்சினும் குறைவாகத்தான் காட்டும். சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். அது பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று காது வைத்துக் கேட்க வேண்டும். இதற்கு நேரமும் பழகிய கையும் வேண்டும்.

வண்டிக்கு வண்டி நோய் வேறு என்பதையும் நீங்கள் அறிவீர்கள். எழுபதுகளின் நடுவில் வந்த 2.7 லிட்டர் போர்ஷே 911இன் எஞ்சின் கூடு மெக்னீசியத்தால் ஆனது. வெப்பத்தில் சிலிண்டர் தலையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் கூட்டிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். டிரையம்ஃப் டிஆர்6 காரில் பின்பக்க டிஃபரன்ஷியலை (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியை) தாங்கும் இடத்தில் சேஸி வெடிக்கும். பொது மெக்கானிக் ஒருவரை அழைத்து ‘பார்த்தாயிற்று’ என்று சொல்வதில் பயனில்லை. அந்த மாதிரியைப் பிரித்துக் கோத்த கை வேண்டும். ஆளை வாங்குபவரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. இங்கே 1973இல் 100 மட்டுமே செய்யப்பட்ட செவ்ரோலே ஃபிரென்சா கேன் ஆம், 1984இல் 250 மட்டுமே வந்த ஃபோர்டு சியேரா எக்ஸ்ஆர்8, ரோஸ்லின் ஆலையில் 204 மட்டுமே உருவான பிஎம்டபிள்யூ 333i போன்றவற்றின் மதிப்பு முழுவதும் அவை அசல் என்பதில்தான் இருக்கிறது. சாதாரண ஃபிரென்சா ஒன்றில் வி8 எஞ்சினை வைத்து, வெள்ளை உடலும் கறுப்பு பானட்டுமாகப் பெயிண்ட் அடிப்பது திறமையான பேனல் பீட்டருக்கு (வண்டியின் உடல் தகடுகளைச் சரிசெய்பவருக்கு) பெரிய வேலை அன்று. நகல் என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. அசல் என்று சொல்லி விற்பவர் உடல் எண், எஞ்சின் எண், பதிவு ஆவணம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாங்குபவரை விட வேண்டாமா?

டர்பனின் மெரிபேங்க் பகுதியைச் சேர்ந்த தம்பி ஒருவர் டிஆர்6 ஒன்றை வாங்க எண்ணி என்னை அழைத்துக்கொண்டு 570 கி.மீ. பயணம் செய்தார். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம், ஏனென்றால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முதல் நிமிடத்தில் வரும் நீலப்புகையும் தட்டல் ஓசையும் சூடேறியபின் மறைந்துவிடக்கூடும். நாங்கள் போய் ராக்கர் கவரில் (எஞ்சினின் மேல்மூடியில்) கை வைத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. ‘கழுவுவதற்காக நகர்த்தினோம்’ என்றார் விற்பனையாளர். லிஃப்ட் கேட்டோம், இன்ஷூரன்ஸ் இடம் கொடுக்காது என்றார். கேப் டவுனிலிருந்து வேறொருவர் மாலைக்குள் பணம் போடப்போகிறார் என்றும் சொன்னார். தம்பி வெறுங்கையோடு திரும்பினார். அந்த வண்டி நல்ல வண்டியாகவே இருந்திருக்கலாம். அதைக் காட்டிக்கொள்ளும் வாய்ப்பை விற்பவரே கெடுத்துக்கொண்டார்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். வணிகரிடம் வாங்கினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் (2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம்) 55, 56ஆம் பிரிவுகள் குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தர வழி செய்கின்றன. ஆனால் இன்ன நிலையில்தான் இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லி, வாங்குபவரும் ஏற்றுக்கொண்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு சுருங்கிவிடும். ஏலத்தில் வாங்கிய பொருளுக்கு 55ஆம் பிரிவு பொருந்தவே பொருந்தாது. தனியாரிடம் ஃபுட்ஸ்டூட்ஸ் (உள்ளது உள்ளபடியே) என்று வாங்கினால், குறையை அறிந்தே மறைத்தார் என்பதை வாங்கியவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். ஐம்பது வயதான வண்டியில் எது குறை, எது முதுமை என்று பின்னால் வழக்காடுவதைவிட முன்னால் இரண்டு மணி நேரம் பார்ப்பது உங்களுக்கும் மலிவு.

உங்கள் அச்சங்களும் எனக்குத் தெரியும். அலுமினியச் சிலிண்டர் தலையில் ஸ்பார்க் பிளக்கை அவசரமாகத் திருகி மரையைக் கெடுத்துவிட்டு நழுவும் அரைகுறைகள் எங்களிலும் இருக்கிறார்கள். வாங்கும் எண்ணமே இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க வருபவர்களும் உண்டு. ஆகவே பரிசோதனைக்கு முன் சிறு முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள்; பரிசோதனை திருப்தியாக இல்லாவிட்டால் அது முழுவதும் திரும்பும் என்று ரசீதிலேயே எழுதுங்கள். சேதத்துக்குப் பொறுப்பேற்று மெக்கானிக் கையெழுத்திடட்டும். உங்கள் ஆள் பக்கத்தில் நிற்கட்டும்; கழற்ற வேண்டியதை அவரே கழற்றட்டும். குறைப் பட்டியலை நீட்டி விலையைப் பாதியாக்கப் பார்ப்பவருக்கு நீங்கள் தாராளமாக மறுப்புச் சொல்லலாம். பழைய வண்டியில் குறை இருக்கத்தான் செய்யும். எந்தக் குறை எவ்வளவு செலவு வைக்கும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால் போதும்.

நம்மவர்கள் வண்டி வாங்கிய கையோடு கோவில் வாசலில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பழத்தை வைப்பதற்காகத்தான் சிலர் முதன்முதலாக வண்டியின் கீழே குனிகிறார்கள் என்பதைச் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

ஏல நிறுவனத்தாரிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். சட்டத்தின் பாதுகாப்பு உங்கள் கூடத்தில் மிகக் குறைவு என்பதால் உங்கள் பொறுப்பு கூடுதலாகிறது. பானட்டைத் திறந்து காட்டுவதோடு நில்லாமல், பார்வை நாளில் ஒரு லிஃப்ட்டையாவது நிறுவி, முன்பதிவு செய்தவர்களுக்கு ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஏதேனும் ஒரு வண்டியின் உரிமையாளர் அதற்கு உடன்படாவிட்டால், ‘அடிப்பாகம் பார்க்க அனுமதியில்லை’ என்று அடுத்த ஏலத்தின் விவரப் புத்தகத்தில் அந்த வண்டியின் படத்துக்குக் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வண்டி பரிசோதிக்கும் பட்டறைக்காரன் ஒருவன்,
டர்பன்