ஊருணித் திருப்பணி நிறைவு அறிக்கை

தலைக்கட்டுதாரர்கள், வெளியூரிலிருந்து பங்குத்தொகை அனுப்பிய உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஊருணி வேலை முடிந்து, கடைசி பில்லும் வந்துவிட்டது. வரவு செலவுத் தாளைச் சாவடியில் ஒட்டியிருக்கிறோம். ஆனால் அந்தத் தாளில் இல்லாத ஒரு கேள்வியைப் பலர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: "மூன்றில் ஒரு பங்கு கட்டினாலே அரசு மீதியைப் போடும் என்றார்களே, நீங்கள் ஏன் பாதியைத் திரட்டினீர்கள்?" நியாயமான கேள்விதான். தலைக்கட்டுக்கு, அதாவது ஊர் வரி கட்டும் குடும்பம் ஒன்றுக்கு, 2,500 ரூபாய் வாங்கிய பிறகு இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

ஊருணிக்கு நாம் அரசு மானியம் வாங்கிய நமக்கு நாமே திட்டம் 1997-98இல் வந்தது. இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-22 முதல் மறுபடி பழைய பெயருக்கே திரும்பியிருக்கிறது. மக்கள் தங்கள் பங்கை முதலில் கட்டினால், மீதியை அரசு மானியமாகச் சேர்த்து மாவட்ட ஆட்சியர் வேலைக்கு ஒப்புதல் தருவார். குறைந்தபட்சப் பங்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒன்று. நமது மதிப்பீடு 12 லட்சம். 4 லட்சம் கட்டியிருந்தால் போதும். ஆனால் பாதிக்குக் குறைவாகக் கட்டினால் வேலை டெண்டருக்குப் போகும். பாதி கட்டினால் நாமே எடுத்துச் செய்யலாம். கூடுதலாகத் திரட்டிய அந்த 2 லட்சம் முழுக்க முழுக்க இதற்காகத்தான்.

இதில் என்ன லாபம் என்று கேட்டால், ஊருணியின் அடியில் இருக்கும் களியைச் சொல்லவேண்டும். மேலே படிந்த வண்டலை அள்ளலாம். அதற்குக் கீழே உள்ள களிப்படுகையை வெட்டிவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. டெண்டர் எடுத்து, மண்ணைக் கன மீட்டர் கணக்கில் வெட்டிப் பணம் வாங்குபவருக்கு ஆழம்தான் வருமானம். அவரைக் குறை சொல்லவில்லை, கணக்கு அப்படி. நமது வேலையில் வடகிழக்கு மூலையில் மதிப்பீட்டில் போட்ட ஆழத்துக்கு வெகு முன்னாலேயே களி தட்டியது. பெரியவர்கள் இருவர் இறங்கி மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்து, "போதும், நிறுத்து" என்றார்கள். ஜேசிபி நின்றது. மிச்சமான தொகையை ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய்க்கு மாற்ற, ஓவர்சியரை வரவழைத்து அளந்து, திருத்திய மதிப்பீடு போட்டு ஒப்புதல் வாங்கினோம். அந்தக் காகிதம் வர ஆன நாட்களில் வேலை நின்றதும் உண்மைதான். டெண்டர் வேலை என்றால் நிறுத்தச் சொல்லும் இடத்தில் நாம் இருந்திருக்க மாட்டோம்.

அடுத்து வரவு. 128 தலைக்கட்டு வரியில் 3,20,000. முதியோர் உதவித்தொகையை மட்டும் நம்பி இருக்கும் வீடுகளுக்கு வரி போடவில்லை. வெளியூர், வெளிநாட்டு உறவுகள் தந்தது 2,10,000. சந்தைக் கடைக்காரர்கள் மகமையாக, அதாவது பொதுக் காரியத்துக்கான நன்கொடையாக, தந்தது 90,000. ஆக 6,20,000. இதில் 6 லட்சத்தை வரைவோலையாகக் கட்டினோம்.

வெளிநாட்டுப் பணம் குறித்துச் சிலருக்கு மனத்தாங்கல் இருக்கிறது. சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பியதை வாங்கிக்கொண்டோம். அங்கேயே குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பினால், சட்டத்தின் பார்வையில் அது அந்நியப் பங்களிப்பு. 2010ஆம் ஆண்டு அந்நியப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்றால்தான் அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கும் தொடங்கியிருக்க வேண்டும். ஓர் ஊருணிக் குழுவுக்கு அது ஆகிற காரியமா? "நானும் இந்தத் தண்ணியக் குடிச்சு வளந்தவன்தானே" என்று ஒரு மாமா போனில் கோபித்துக்கொண்டார். கோபம் நியாயம், ஆனால் விதி விதிதான்.

இனி தாமதத்துக்குக் காரணம். 2023 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். ஊருணி ஊராட்சியின் பொறுப்பில் உள்ள சொத்து. அந்தத் தீர்மானம் இல்லாமல் மனு ஓரடி நகராது. மதிப்பீடு, பங்குத்தொகை எல்லாம் முடிந்து வேலை உத்தரவுக்குக் காத்திருந்தபோது, 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. நடத்தை விதி இருக்கும்வரை புது வேலை எதையும் தொடங்க முடியாது. ஊருணி வற்றிக் கிடந்த கோடை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். தொடங்கியது ஜூன் கடைசியில். ஐப்பசி மழைக்குள் முடிக்கவேண்டும் என்று ஓடிய ஓட்டம் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம், பாதி கட்டி நாமே செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் பங்கு முழுவதையும் முதலிலேயே கட்டிவிட்டோம், கையில் காசு இல்லை. வேலையை முடித்து, அளந்து, அளவுப் புத்தகத்தில் ஏற்றிய பிறகுதான் பில். அதுவரை டீசலுக்கும் கொத்தனார் கூலிக்கும் யார் கொடுப்பது? உறுப்பினர்கள் மூவர் வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுத்தார்கள். சிமெண்டுக் கடையில் கடன் சொல்லி வாங்கினோம். இரண்டாவது பில்லோடு எல்லாம் அடைந்தது. கைமாற்றுக்கு ஆள் இல்லாத ஊர் இந்த வழியில் இறங்கும்முன் யோசிப்பது நல்லது.

திருத்திய மதிப்பீட்டின்படி செலவு: தூர் வாரிக் கரை பலப்படுத்தியது 4,60,000. படித்துறையும் தடுப்புச் சுவரும் 3,60,000. வரத்துக்கால்வாய், வண்டல் தொட்டி, மடை 2,60,000. வேலி 1,20,000. வரிப் பிடித்தங்களும் சேர்ந்து 12 லட்சத்துக்குள் அடங்கிவிட்டது. அள்ளிய வண்டல் வட்டாட்சியர் அனுமதியோடு வயல்களுக்குப் போனது.

வரத்துக்கால்வாய் பற்றி விரிவாக எழுதினால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். புலப்படத்தை (அரசு நில அளவைப் படம்) வைத்து சர்வேயர் அளந்தபோது, கால்வாய் சில இடங்களில் வரப்புக்குள் போயிருந்தது தெரிந்தது. குழுவில் இருப்பவர்களின் வயலும் அதில் உண்டு. முதலில் அவர்கள் வரப்பைத்தான் வெட்டினோம். அதன் பிறகு யாரும் அதிகம் பேசவில்லை. பெரிய தூர்வாரலைவிட இந்தக் கால்வாய்தான் ஊருணியை நிரப்பியது என்பது எங்கள் கருத்து.

மதிப்பீட்டுக்கு வெளியே சீமைக்கருவேல் வேர் பறித்த நாட்களின் சாப்பாடு, தகவல் பலகை, நகல், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 14,300. கையிருப்பு 5,700.

சில வேலை பாக்கி இருக்கிறது. வண்டல் தொட்டியை வருடம் ஒரு முறை மழைக்கு முன் அள்ளாவிட்டால் மண் நேராக ஊருணிக்குள் இறங்கும். இதற்கு மானியம் கிடையாது. ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர் பொறுப்பு வந்திருப்பதால், பராமரிப்புக் கோரிக்கையை அவரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அங்கிருந்து வருவது வரட்டும். ஆவணியில் தலைக்கட்டுக்கு ஓர் ஆள் இறங்கி அள்ளுவது என்று குழு முன்மொழிகிறது. வர முடியாதவர்கள் ஓர் ஆள் கூலி தரலாம். இதை அடுத்த ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம்.

கையிருப்பு 5,700ஐ அந்தத் தொட்டி வேலைக்கே வைத்திருக்கிறோம். பங்குத்தொகை கட்டி ரசீது கிடைக்காதவர்கள் பொருளாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளவும். பில் நகல்கள், வங்கிப் புத்தகம் எல்லாம் சாவடி அலமாரியில் இருக்கின்றன; எந்த நாள் மாலையும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஊருணித் திருப்பணிக் குழுவுக்காகச் செயலாளர்