அசனத்துக்கு முன் ஒரு படம்: எல்லையோரச் சபை கமிட்டிகளுக்குத் திறந்த மடல்

பாறசாலை, களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்துத் தமிழ்ச் சபைகளின் ஆயர்மாருக்கும் கமிட்டி அங்கத்தினருக்கும் ஸ்தோத்திரம்.

அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் கூடி உண்ணும் விருந்துக்கு, முந்தின சனிக்கிழமை சாயங்காலம் சபை மண்டபத்தில் ‘பாபெட்ஸ் ஃபீஸ்ட்’ படத்தைத் திரையிடுங்கள். மறுநாள் பந்தியை அந்தப் படத்தைப் பார்த்தவர்களாக நடத்துங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

இது 1987இல் கேப்ரியல் ஆக்ஸல் இயக்கிய டேனிஷ் படம். சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. டென்மார்க்கின் யூட்லாந்துக் கடற்கரையில் ஒரு சிறு சபை. அதை நிறுவிய போதகர் காலமானபின் அவருடைய இரண்டு மகள்கள் அதைத் தாங்கி நடத்துகிறார்கள். 1871 பாரிஸ் கலவரத்தில் கணவனையும் மகனையும் பறிகொடுத்த பாபெட், மழையும் காற்றுமான ஓர் இரவில் அவர்கள் கதவைத் தட்டுகிறாள். அந்த அடுக்களையில் 14 வருஷம் உழைக்கிறாள். பிறகு லாட்டரியில் 10,000 பிராங்க் விழுகிறது. போதகரின் நூறாவது பிறந்தநாளுக்கு 12 பேருக்கு ஒரு பிரெஞ்சு விருந்து சமைக்க அனுமதி கேட்கிறாள். பணம் முழுவதும் அந்த ஒரே விருந்தில் தீர்ந்துபோகிறது.

அகதிக்கு இடம் கொடுத்த நல்ல சகோதரிகளின் கதை என்று மட்டும் இதைச் சொல்லி முடித்துவிடாதீர்கள். பாபெட் வந்ததும் அவர்கள் செய்த முதல் காரியம், உலர்ந்த மீனை ஊறவைப்பதையும் ரொட்டிக் கஞ்சி காய்ச்சுவதையும் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததுதான். இடம் கொடுத்தார்கள், வேலை கொடுத்தார்கள். அவளுடைய ஊர்ச் சாப்பாட்டை அவள் கையால் வாங்கிச் சாப்பிட 14 வருஷம் பிடித்தது. அதுவும் பயந்து பயந்து. உயிருள்ள ஆமை வந்து இறங்கியதும் மூத்தவளுக்குக் கெட்ட கனவு வருகிறது. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று சபையார் கூடித் தீர்மானிக்கிறார்கள்.

நம் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டு நின்றார் (யோவான் 4). சகேயுவை விருந்துக்கு அழைக்கவில்லை, அவன் வீட்டுக்கே போனார் (லூக்கா 19). அந்நியருக்குச் சோறு போடுவதை நாம் செய்துகொண்டுதான் இருக்கிறோம். அந்த அந்நியர் சமைத்ததைச் சாப்பிடுவதைத்தான் இன்னும் தொடங்கவில்லை.

செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற வடநாட்டுச் சகோதரர்களைக் கேரள அரசு ‘அதிதி தொழிலாளி’ என்கிறது. நாம் எந்த ஊர்க்காரரானாலும் ‘பெங்காலி’ என்று கூப்பிட்டுவிடுகிறோம். அவர்களில் ஜார்க்கண்ட், ஒடிசா கிறிஸ்தவர்களும் உண்டு. மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் நம் குமரிப் பக்கத்து மயிலாடிக்கு வந்தார். ஜெர்மன் போதகர் கோஸ்னர் அனுப்பிய மிஷனரிகள் 1845இல் ஜார்க்கண்டின் ராஞ்சிக்கு வந்தார்கள். இரண்டு இடத்துக்கும் வந்தவர்கள் ஜெர்மானியர்கள். அந்த ராஞ்சி வழி வந்தது லுத்தரன் சபை, படத்தில் வரும் ஊரின் சபை மரபும் அதுவே.

திரையிடலுக்கு வருவோம். முதலில், பொதுத் திரையிடலுக்கு உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்குங்கள். டிவிடி வாங்கினால் அந்த உரிமை வந்துவிடாது. வசனம் டேனிஷ், சுவீடிஷ், பிரெஞ்சில் இருப்பதால் தமிழ் சப்டைட்டில் தயாரிக்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது. கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள் வரலாம். அன்றைக்கு ஓட்டப்போகும் லேப்டாப்பிலேயே முந்தின நாள் போட்டுப் பாருங்கள். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 5 அடி இருக்கட்டும், இல்லையென்றால் முன்வரிசைத் தலைகள் எழுத்தை மறைக்கும். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக ஒருவர் மைக்கில் வாசிக்கலாம். விருந்துக் காட்சியில் மட்டும் அவர் பேசாமல் இருக்கட்டும். அங்கே முகங்களைப் பார்த்தாலே போதும்: ஒரு கிழவி தண்ணீரை ஒரு வாய் குடித்து, பிடிக்காமல் மறுபடி ஒயின் கிளாஸை எடுப்பாள், பழைய வஞ்சகத்தைச் சொல்லி இரண்டு கிழவர்கள் ஒருவரையொருவர் மன்னிப்பார்கள். ஒயின் பரிமாறுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் படத்துக்குப் பிந்தைய பேச்சு முழுவதும் அதிலேயே போய்விடும். தகர ஷீட் மண்டபமானால் மழைக்காலம் வேண்டாம், ஒரு வார்த்தை கேட்காது.

லாட்டரிச் செய்தி வந்ததும் படத்தை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இனி இவள் போய்விடுவாள் என்று சகோதரிகள் ஏன் உடனே நினைக்கிறார்கள்?” பதில் வரத் தாமதமாகும். காத்திருங்கள்.

இனி அசனம். இரண்டு வாரத்துக்கு முன்பே கமிட்டியில் இரண்டு பேர் வடநாட்டுச் சகோதரர்கள் தங்கியிருக்கும் அறைக்கு நேரில் போய், ‘எங்களுக்கு ஒரு கறி சமைத்துத் தருவீர்களா?’ என்று கேளுங்கள். என்ன கறி என்பதை அவர்கள் சொல்லட்டும். ஒடிசாக்காரர் தால்மா (பருப்பும் காய்களும் சேர்ந்த கறி) என்று சொன்னால், 100 பேருக்குத் தொடுகறியாக 5 கிலோ பருப்பும், பூசணி, வாழைக்காய், பப்பாளிக்காய் கலந்து 7 கிலோவும் போதும். தாளிக்க சீரகம், கடுகு, பெருஞ்சீரகம், வெந்தயம், கருஞ்சீரகம் ஐந்தும் வேண்டும். நம் சமையல்காரர் இரக்கப்பட்டுப் புளியைக் கரைத்து ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊற்றினால் அது சாம்பாராகிவிடும், அவர்களுடைய கறியாக இராது. செலவு அசன நிதியிலிருந்து போகட்டும், பாபெட்டைப் போல அவர்கள் கைப்பணத்தைப் போடவேண்டாம். நாள் ஞாயிறாகவே இருக்கட்டும், வேலை நாளில் வைத்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும்.

ஒன்றில் மட்டும் படத்தைப் பின்பற்றாதீர்கள். மேஜையில் 12 பேர் இருந்தும் சமைத்தவளுக்கு அங்கே இடமில்லை. விருந்துக்கு வந்த ஒரு ஜெனரலின் வண்டிக்காரன்கூட அடுக்களையில் உட்கார்ந்து அதே விருந்தைச் சாப்பிடுகிறான். எல்லாரும் போனபிறகு அவள் பாத்திரங்களுக்கு நடுவே தளர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நம் பந்தியிலும் அப்படி நடப்பதுண்டு: முதல் பந்தி பெரியவர்களுக்கு, வெளியூர்க்காரருக்குக் கடைசி இலை, அதற்குள் கறி தீர்ந்துபோயிருக்கும். கொரிந்துச் சபையின் பந்தியில் பவுல் கண்டித்ததும் இதைத்தான். ‘ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்’ என்று எழுதினார் (1 கொரி. 11:33). இந்த வருஷம் ஜெபத்துக்கு மணியடிக்கும் முன் அடுக்களைக்கு ஆள் அனுப்புங்கள். அவர்கள் கைகழுவி வந்து முதல் பந்தியில், ஆயருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த பிறகு ஜெபத்தைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
எல்லையோரச் சபைகளில் படம் திரையிடும் குழுவினர்