மைக்ரோசாஃப்ட் பெயரில் வரும் போலி மின்னஞ்சல்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மைக்ரோசாஃப்டிலிருந்து வந்திருப்பதாகச் சொல்லும் மின்னஞ்சலைக் கைப்பேசியில் காட்டி, இது உண்மைதானா என்று கேட்டபடி எங்கள் கடைக்கு வருவோர் அதிகரித்திருப்பதால் இம்மடலை எழுதுகிறோம். உங்கள் கணக்கில் வெளிநாட்டிலிருந்து யாரோ நுழைய முயன்றார்கள் என்றோ, கடவுச்சொல் இன்றோடு காலாவதியாகிறது என்றோ அதில் எழுதியிருக்கும். கீழே ஒரு நீலப் பொத்தானும் இருக்கும். எழுத்துப்பிழையைக் கொண்டு போலியைப் பிடிக்கும் காலம் போய்விட்டது. இப்போது வருபவை பிழையில்லாத மொழியில், அசல் சின்னத்துடனேயே வருகின்றன.

அனுப்புநரின் பெயரை யாரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதால், அந்தப் பெயரைத் தொட்டு உள்ளே இருக்கும் முகவரியைப் பாருங்கள். முகவரியை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். ‘மைக்ரோசாஃப்ட் டாட் காம்’ என்பது கடைசியில் வராமல், அதற்குப் பின் வேறொரு பெயரும் ‘டாட் இன்ஃபோ’ போன்ற ஒன்றும் தொடர்ந்தால், அந்த முகவரி அந்த வேறு பெயரைப் பதிவு செய்தவருடையது. ஆங்கில ஆர், என் ஆகிய சிற்றெழுத்துகளை அடுத்தடுத்து வைத்தால் சிறிய திரையில் எம் போலவே தெரியும். அந்தத் தந்திரத்தால் ஏமாறுபவர்களில் கணினி நன்கு தெரிந்தவர்களும் உண்டு. எச்சரிக்கைச் செய்தியில் தொலைபேசி எண் கொடுத்து அழைக்கச் சொல்லும் வழக்கமும் மைக்ரோசாஃப்டுக்கு இல்லை.

எனினும் அனுப்புநர் முகவரியையே போலியாகக் காட்டவும் வழி உண்டு. ஆகையால் மின்னஞ்சலில் உள்ள பொத்தானை அழுத்தாமல், பிரவுசரில் ‘அக்கவுண்ட் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம்’ என்று நீங்களே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து உள்ளே சென்று, பாதுகாப்புப் பகுதியில் அண்மைய நுழைவுகளின் பட்டியலைப் பார்ப்பதே எங்கள் பார்வையில் நம்பகமான வழி. எந்த நாளில், எந்த ஊரிலிருந்து, எந்தக் கருவி வழியாக நுழைந்தார்கள் என்று அங்கே தெரியும். மொபைல் இணையம் பயன்படுத்துவோருக்கு வேறு ஊர் காட்டுவது சகஜம். அதற்காகப் பதற வேண்டாம். பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொல், வழக்கமாகத் தானே நிரம்பும் கட்டத்தில் நிரம்பவில்லை என்றால் மட்டும் கட்டாயம் சந்தேகப்படுங்கள், ஏனெனில் பிரவுசர் பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, முகவரியைத்தான் பார்க்கிறது.

போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டிருந்தால், ஓடிபி இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். அதே பக்கத்தில் நீங்கள் இடும் ஓடிபியும் அக்கணமே மறுமுனைக்குப் போய்விடும். உடனே கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றிவிட்டு, மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சேவையான அவுட்லுக்கில் உங்களுக்கு வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி எதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அவ்விதி அழியாது. பணம் போயிருந்தால், எங்களிடம் வருவதற்கு முன்பே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

சந்தேகத்துக்குரிய மின்னஞ்சலை அழிக்காமல் எங்களிடம் காட்டலாம்; பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்